ஒப்பந்தங்களும் ஊவா மலைகளும்

2025 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 5 ஆம் நாள் கொழும்பு மாநகரிலே இந்தியாவும் இலங்கையும் பாதுகாப்புத் துறை ஒத்துழைப்புக்கான புரிந்துணர்வு உடன்படிக்கை ஒன்றிற் கைச்சாத்திட்டன. இந்தியப் பிரதமர் திரு. நரேந்திர மோடியும் நம் ஜனாதிபதி திரு. அநுர குமார திசாநாயக்கவும் சந்தித்த அந்நாளிலே மின்சாரம், திருகோணமலை எரிபொருள் நிலையம், கிழக்கு மாகாண உதவி ஆகியன பற்றிய வேறு சில உடன்படிக்கைகளும் நிறைவேறின. பாதுகாப்பும் பொருளாதாரமும் ஒரே மேசையிற் பேசப்பட்டன. அயலார் இருவர் இவ்வாறு நெருங்கி வருவது நல்லதே. இதனை நாம் வரவேற்கிறோம். ஆயினும் ஊவா மாகாணத்திலிருந்து இதனை நோக்குவோர்க்கு, கொழும்பினர்க்கு எழாத சில எண்ணங்கள் எழுவது இயல்பு.

அவற்றுள் முதலாவது அந்தத் தேதி பற்றியது. 1971 ஆம் ஆண்டு இதே ஏப்பிரல் 5 ஆம் நாள் அதிகாலையிலே ஊவாவின் வெல்லவாயப் பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது. மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி அங்கேதான் முதலில் வெடித்தது. அப்போது பிரதமராயிருந்த திருமதி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க வெளிநாடுகளின் உதவியை நாடினார். உதவிய நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. அதன் ஹெலிகொப்டர்கள் வந்தன. கடற்படைக் கப்பல்கள் நம் கரையோரத்தைக் காத்து நின்றன. அக் கிளர்ச்சிக்கு ஆயத்தமாக றோகண விஜேவீர தம் தோழர்க்கு நடத்திய ஐந்து வகுப்புக்களுள் ஒன்று ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ பற்றியது. இந்தியா இந்நாட்டின்மீது கை நீட்டுகின்றது, அந்தக் கையின் விரல்களாக இருப்போர் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் என்பது அவ்வகுப்பிற் போதிக்கப்பட்ட பாடத்தின் சாரம். வெல்லவாயவிலிருந்து மலையேறினால் கொஸ்லந்தையும் அப்புத்தளையும் வரும். அங்கே கூடையைத் தலையிலே மாட்டிக்கொண்டு கொழுந்து கொய்துகொண்டிருந்த பெண்களுக்குத் தாம் ஒரு வல்லரசின் விரல்கள் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

அதே கட்சியின் தலைவர், ஆண்டுக் கணக்கிற் சரியாக 54 ஆண்டுகள் சென்றபின், அதே தேதியில் அதே இந்தியாவோடு பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டிருக்கிறார். இதை நாம் எள்ளி நகையாடுவதற்காகச் சொல்லவில்லை. காலம் மாறும்போது கட்சிகள் கற்றுக்கொள்வது நாட்டுக்கு நன்மையே. நம் கவலை வேறு. பழைய பாடம் கைவிடப்பட்டபோது, அந்தப் பாடத்தினாற் சந்தேகத்துக்கு உள்ளான மக்களின் கணக்கு தீர்க்கப்பட்டதா என்பதே அது. இரு நாடுகளும் ஒன்றையொன்று ஐயுற்ற காலத்திலும் அதன் விலையைத் தோட்ட மக்களே கொடுத்தனர். நட்புப் பூண்ட காலத்திலும் அவர்களே கொடுத்தனர். இரண்டாவது செய்திதான் பலர் மறந்துவிட்டது. அதைச் சற்று விரித்துரைக்க வேண்டும்.

இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பொருளாதாரத் தொடர்பு எப்போது தொடங்கியது என்று மாணவர் கேட்டால் நம் ஆசிரியர்கள் வழக்கமாக முத்தையும் யானையையும் கூறுவர். அது பண்டைக் கதை. இன்றைய இலங்கையின் பொருளாதாரத்தை ஆக்கிய தொடர்பு, திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிமாரின் பின்னே வந்த மனிதரின் உழைப்பு. முதலிற் கோப்பிக்கு, பின்னர் தேயிலைக்கு. முற்பட்ட தலைமுறையினர் மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தனர். 1914 முதல் தனுஷ்கோடி - தலைமன்னார்க் கப்பல் அவர்களை ஏற்றி வந்தது. மண்டபம் முகாமிலே தடுத்து வைக்கப்பட்டு, நோயில்லை என்று தேறிய பின்னரே கடல் கடந்தனர். இருப்புப் பாதை 1894 இற் பண்டாரவளைக்கும் 1924 இற் பதுளைக்கும் வந்து சேர்ந்தது. தெமோதரையில் மலையைச் சுற்றித் தன் பாதையின் கீழேயே செல்லும் அவ்வண்டிப் பாதையையும் ஒன்பது வளைவுப் பாலத்தையும் காண இன்று உலகெங்கிலுமிருந்து உல்லாசப் பிரயாணிகள் வருகின்றனர். அப்பாதை தேயிலைப் பெட்டிகளை இறக்குவதற்காகவும் அரிசி மூட்டைகளை ஏற்றுவதற்காகவும் போடப்பட்டது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

சுதந்திரம் வந்தது. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. கவிஞர் ஸி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கொல்லைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றதும் அப்போதுதான். மறு ஆண்டே, 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. மலைநாட்டின் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். இவர்கள் இந்தியர் என்றது இலங்கை. இந்தியப் பிரஜையாகப் பதிவு செய்துகொள்ளாத ஒருவரை இந்தியர் எனக் கொள்ள முடியாது என்றார் நேரு. 1954 இல் நேருவும் சேர் ஜோன் கொத்தலாவலையும் செய்த உடன்படிக்கையும் இந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. இவ்வாறு பத்தாண்டுகள் சென்றன.

முடிச்சு அவிழ்ந்தது பாதுகாப்புக் கவலை பிறந்தபோது. 1962 இலே சீனாவோடு நடந்த போரில் இந்தியா பின்னடைந்தது. அவ்வாண்டு டிசெம்பரில் ஆறு நடுநிலை நாடுகளின் மாநாட்டைக் கொழும்பிலே கூட்டி, சமரச யோசனைகளை டில்லிக்கும் பீக்கிங்கிற்கும் கொண்டுசென்றவர் திருமதி பண்டாரநாயக்க. இத்தகைய அயலவரை மனங்கோணச் செய்தல் ஆகாது என்ற எண்ணம் டில்லியில் வலுப்பெற்றது. 1964 மே மாதம் நேரு மறைந்தார். அக்டோபர் மாதம் 30 ஆம் நாள், புதிய பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி திருமதி பண்டாரநாயக்கவுடன் ஒப்பந்தம் செய்தார்.

அந்த ஒப்பந்தத்தின் எண்களை நம் மாணவர் அறிந்திருக்க வேண்டும். ஒன்பது இலட்சத்து 75 ஆயிரம் பேர் நாடற்றோர் எனக் கொள்ளப்பட்டனர். இவர்களுள் ஐந்து இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு. மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு. ஏழுக்கு நான்கு என்ற விகிதம். எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வதென்று ஒதுக்கிவைத்தனர். ஊர் எது, உறவு எது, பிறந்த இடம் எது என்ற கேள்விகளுக்கு அக்கணக்கில் இடமில்லை. சம்பந்தப்பட்ட மக்களின் தலைவர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. வியாபாரிகள் இருவர் மூட்டைகளைப் பங்கிடும்போதுகூடத் தரம் பார்ப்பதுண்டு.

பத்தாண்டுகளின்பின் மிச்சக் கணக்கும் தீர்ந்தது. 1974 ஜனவரியில் திருமதி இந்திரா காந்தியும் திருமதி பண்டாரநாயக்கவும் அந்த ஒன்றரை இலட்சம் பேரையும் ஆளுக்கு 75 ஆயிரமாகப் பங்கிட்டனர். அதே ஆண்டு ஜூன் மாதம் பாக்கு நீரிணையிற் கடல் எல்லையை வகுத்துக் கச்சதீவை இலங்கையின் பக்கமாக்கினர். ஆறு மாத காலத்துள் மனிதரையும் பிரித்தாயிற்று, கடலையும் பிரித்தாயிற்று. கச்சதீவைப் பற்றி இன்றளவும் தமிழகத்திற் பேச்சு ஓயவில்லை. ஆயிரக்கணக்கிற் பிரிக்கப்பட்ட குடும்பங்களைப் பற்றிப் பேசுவோர் அரியர். நிலத்துக்கு இருக்கும் வாய் மனிதனுக்கு இல்லாமற்போனது விந்தைதான்.

மொழியில் ஆர்வமுள்ளோர் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. ஒப்பந்தம் என்பது இரு தரத்தார் ஒத்து மேற்கொள்ளும் கட்டு. மலைநாட்டிலோ, 1964 க்குப் பின்னர், அச்சொல்லைக் கேட்டாலே பிரிவு நினைவுக்கு வந்தது. அண்ணன் இந்தியப் பிரஜாவுரிமைக்கும் தம்பி இலங்கைப் பிரஜாவுரிமைக்கும் விண்ணப்பித்த வீடுகள் உண்டு. மணமான மகள் ஒரு கரையிலும் பெற்றோர் மறு கரையிலும் நின்ற வீடுகள் உண்டு. பசறை, மடுல்சீமை, நமுனுகுலத் தோட்டங்களிலிருந்து சாமான்களைக் கட்டிக்கொண்டு பதுளைக்கு இறங்கி, இரயிலேறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேசுவரம் போய்ச் சேர்ந்தோர் எத்தனையோ பேர். ஒப்பந்தமாகி எட்டு வாரம் நிறைவதற்குள், 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்துபோயிற்று. பாட்டன்மார் வந்த துறை, பேரர் திரும்பும்போது இல்லை.

திரும்பியோர் என்று சொல்வதும் பொருந்தாத சொல்லே. அவர்களுட் பலர் அங்கே ஒருநாளும் இருந்தவரல்லர். தமிழக அரசு அவர்களுக்கென்றே நீலகிரியிலே, கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளிலே, அரசுத் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கிற்று. இலங்கையிலே கற்ற தொழில் அங்கே சோறு போட்டது. ஆயினும் இங்கே இந்தியராயிருந்தவர் அங்கே சிலோன்காரராயினர். போர் மூண்டு 1984 இற் கப்பல் நின்றபோது, செல்ல வேண்டியவரெனக் கணக்கிடப்பட்டோரிற் பெருந்தொகையினர் செல்லாமலே இங்கு தங்கிவிட்டனர். அவர்களுக்குச் சிறுகச் சிறுக, 1986, 1988 ஆம் ஆண்டுச் சட்டங்களாலும், இறுதியாக 2003 இன் 35 ஆம் இலக்கச் சட்டத்தாலும் இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. 1948 இற் பறிக்கப்பட்டது முழுமையாக மீள 55 ஆண்டுகள் சென்றன.

இதனிடையே 1987 ஜூலை 29 ஆம் நாள் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனவும் இன்னொரு ஒப்பந்தம் செய்தனர். வடக்கு கிழக்குப் பற்றியதாகவே அது நினைவுகூரப்படுகின்றது. அதனோடு மாற்றிக்கொள்ளப்பட்ட கடிதங்களில், திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்நாடும் இராணுவத் தேவைக்குப் பயன்படுத்த இடமளிப்பதில்லை என்பதும், அங்குள்ள எண்ணெய்க் குதங்களை இரு நாடும் கூட்டாகச் சீர்ப்படுத்துவது என்பதும் எழுதப்பட்டன. 2025 இற் பேசப்பட்டவற்றின் வேர் அங்கேதான் உள்ளது. ஆழ்கடல் துறைமுகத்துக்கு இருந்த மதிப்பு, மலை முகட்டு லயத்துக்கு அன்றும் இருக்கவில்லை.

இனி, வர்த்தகத்தைப் பார்ப்போம். 1998 டிசெம்பரிற் கைச்சாத்தாகி 2000 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சுதந்திர வர்த்தக உடன்படிக்கையில் இலங்கையின் பெயர்பெற்ற பண்டமாகிய தேயிலைக்குச் சுதந்திரம் இல்லை. ஆண்டுக்கு 15 மில்லியன் கிலோ என்ற வரம்புக்குள்ளேதான் சலுகைத் தீர்வை. காரணம் வெளிப்படை: இந்தியாவும் பெருந் தேயிலை நாடு, தென்னிந்தியத் தோட்டக்காரர் இலங்கைத் தேயிலையைக் கண்டு அஞ்சுகின்றனர். நீலகிரியிற் கொழுந்து கொய்வோரிற் பலர் யார் என்பதை மேலே கண்டோம். ஊவாவில் இருக்கும் அக்காவின் கொழுந்தும் கூடலூரில் இருக்கும் தங்கையின் கொழுந்தும் சந்தையில் ஒன்றுக்கொன்று பகையாக நிறுத்தப்பட்டிருக்கின்றன. இருவர் கூலியும் உயர்ந்தபாடில்லை.

போட்டிக்குப் பதிலாக இங்கே ஒத்துழைப்புக்கு வழியில்லையா? நிச்சயமாக உண்டு. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வரண்ட கச்சான் காற்று வீசும்போது ஊவாக் கொழுந்துக்கு வரும் மணம் உலகச் சந்தையில் தனி விலை பெறுவது. அது நீலகிரிக்கு வராது; நீலகிரியின் மணம் இங்கே வராது. கலப்புத் தேயிலை விற்கும் பெருங் கம்பனிகள் இரண்டையும் வாங்கித் தம் பெயரை ஒட்டி விற்கின்றன. அந்த இலாபத்தில் ஒரு பங்கை இரு நாட்டு மலைகளுக்கும் கொணர்வது எவ்வாறு என ஆராயலாம். பதுளையில் 2005 இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலே தேயிலைத் தொழில்நுட்பம் ஒரு பட்டப் படிப்பாகவே கற்பிக்கப்படுகின்றது. அசாமின் ஜோர்ஹாட்டிலே ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. தலவாக்கொல்லையில் நம்முடையது. இவை மூன்றுக்குமிடையே மாணவர் போய்வர ஏற்பாடு செய்வதற்குப் போர்க்கப்பலுக்காகும் செலவு ஆகாது. 2016 முதல் பேசப்பட்டுவரும் பொருளாதார, தொழில்நுட்ப உடன்படிக்கையில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கினால் போதும்.

உதவியை மறப்பது நன்றன்று. 2021 இல் இரசாயனப் பசளை தடைசெய்யப்பட்டபோது தேயிலைச் செடி வாடியது. தொழிலாளியின் வேலைநாளும் குறைந்தது. 2022 இல் நாடு கடனில் மூழ்கியவேளை இந்தியா ஏறக்குறைய 400 கோடி டொலர் அளவுக்குக் கடனும் உதவியும் தந்தது. 65 ஆயிரம் தொன் யூரியாவும் அவற்றுள் அடங்கும். தமிழக அரசு அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்பிற்று. பால்மா வாங்கக் கடைவாசலில் வரிசையில் நின்ற தாய்மார்க்கு அது எத்துணை பெரிது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 50 ஆயிரம் வீடுகளுள் 4 ஆயிரம் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கென வகுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டிலே திரு. மோடி மேலும் 10 ஆயிரம் வீடுகளை அறிவித்தார். 2025 அக்டோபரிற் பண்டாரவளையிலே, ஏறக்குறைய 2 ஆயிரம் பயனாளிகளுக்கு வீட்டுரிமை ஆவணங்களை ஜனாதிபதியே வழங்கினார். ‘விஸ்தரிப்புவாதம்’ என்று பாடம் நடத்திய கட்சியின் தலைவர், இந்தியா கட்டும் வீட்டுக்கான காகிதத்தைத் தோட்டத் தாயொருத்தியின் கையிற் கொடுத்த காட்சியில் வரலாற்றின் ஒரு பக்கம் புரண்டதென்றே கூறலாம்.

ஆனால் காகிதம் வேறு, வீடு வேறு, நிலம் வேறு. அந்த வேற்றுமையை ஊவா மக்கள் தம் உயிரைக் கொடுத்து அறிந்தவர்கள். 2014 ஆம் ஆண்டு அக்டோபர் 29 ஆம் நாள் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அது ஆபத்தான இடம் என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது. விடிந்தால், ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் 50 ஆம் ஆண்டு நிறைவு. ஒப்பந்தத்தினால் இங்கே இருக்கலாமென்று அனுமதி பெற்றோரின் மக்களும் பேரரும் இருந்த இடத்திலேயே மண்ணுள் மறைந்தனர். வேறிடம் செல்ல அவர்களுக்குச் சொந்தமாக ஒரு பேர்ச் நிலம் இருக்கவில்லை என்பதை எந்த விசாரணையும் நடத்தாமலே அறியலாம். 2025 நவம்பர் இறுதியில் தித்வாப் புயல் வந்தபோது மீண்டும் பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்தன, உயிர்கள் போயின, வீதியும் இரயில் பாதையும் அறுந்தன. இந்தியக் கப்பல்களும் ஹெலிகொப்டர்களும் மீட்புப் படையினரும் விரைந்து வந்தனர். 1971 இல் ஒரு கிளர்ச்சியை அடக்க உதவியாக வந்த ஹெலிகொப்டர், இம்முறை வெள்ளத்திலும் மண்ணிலும் அகப்பட்டோரைத் தூக்க வந்தது.

பாதுகாப்பு என்ற சொல்லுக்கு இந்த மலைகளிலே இதுவே பொருள். கடலிலே அந்நிய நீர்மூழ்கி வருகிறதா என்பது கொழும்பும் டில்லியும் கவனிக்கவேண்டியது. வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. மழை இரண்டு நாள் விடாது பெய்தால் லயத்தின் பின்சுவர் நிற்குமா என்பது லுணுகலையிலும் ஹாலி-எலவிலும் இரவெல்லாம் விழித்திருந்து கவனிக்கப்படுவது. இரு அரசுகளும் பாதுகாப்பில் ஒத்துழைப்பதாயின், விண்ணிலுள்ள செய்மதிகளைக் கொண்டு மலைச்சரிவுகளை அளந்து, எந்த லயம் முதலில் இடம் மாறவேண்டும் என்று வரிசைப்படுத்துவதும் அந்த ஒத்துழைப்பில் அடங்கவேண்டும். இந்தியாவிடம் அவ்வித்தை இருக்கின்றது. நம் கட்டட ஆராய்ச்சி நிலையத்தினரிடம் இடங்களைப் பற்றிய அறிவு இருக்கின்றது. நிலம் மட்டும் கம்பனிகளிடமும் அரசிடமும் இருக்கின்றது. அந்நிலத்திலிருந்து பாதுகாப்பான பகுதியைப் பிரித்துக் கொடுக்கும் கடமை இலங்கை அரசினது. வீட்டுக்குச் செங்கல் இந்தியா தரலாம். நிலத்தை இந்தியா தர இயலாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2025 பாதுகாப்பு உடன்படிக்கையின் வாசகம் முழுமையாக மக்கள் முன் வைக்கப்படவில்லை என்ற குறை அப்போதே எழுந்தது. இத்தகைய ஆவணங்களில் அரசுகள் இரகசியம் பேணுவதற்குக் காரணம் காட்டலாம். ஆயின் தம்மைப் பற்றித் தம்மைக் கேளாமல் எழுதப்பட்ட ஒப்பந்தத்தினால் இரு தலைமுறை அலைந்த மக்கள், ஒப்பந்தங்களின் வாசகத்தைப் படிக்க விரும்புவதிலே தவறில்லை. பொருளாதார உடன்படிக்கைகளையாவது தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டுப் பதுளை, பண்டாரவளை நூலகங்களுக்கு அனுப்பவேண்டும். ஆசிரியர்கள் அவற்றை மேல்வகுப்பு மாணவர்க்கு வரலாற்றுப் பாடமாகவே எடுத்து விளக்கலாம். 1964 ஒப்பந்தம் தம் பாட்டனாரை எந்தக் கணக்கிற் சேர்த்தது என்பதை வீட்டிலே கேட்டெழுதி வருமாறு மாணவரைப் பணித்தால், பல்கலைக்கழக ஆராய்ச்சியில் அகப்படாத செய்திகள் பல வந்து சேரும். முதியோர் மறைவதற்குள் இதைச் செய்தல் வேண்டும். பதுளையின் இலக்கிய வட்டங்கள் இப்பணிக்கு முன்வருமாயின், அக்குறிப்புக்களுக்கு நம் பக்கங்களில் இடமளிப்போம்.

இரு நாட்டுத் தலைவர்கள் மீண்டும் சந்திப்பர். வழக்கம்போல் ஒரு கூட்டறிக்கையும் வரும். அதிலே திருகோணமலைக் குதங்களின் கணக்கும் மின்கம்பியின் நீளமும் இருக்கும். அவற்றோடு, பண்டாரவளையில் ஆவணம் பெற்றோருள் எத்தனை குடும்பங்கள் புதுவீடு புகுந்தன, ஊவாவில் ஆபத்தானவை எனக் குறிக்கப்பட்ட லயங்களுள் எத்தனை இன்னும் மனிதர் வாழும் லயங்களாக உள்ளன என்ற இரண்டு எண்களையும் சேர்க்குமாறு கேட்கிறோம்.